மூக்குக்குப் பூக் கேட்டது

ஜெயப்பிரியா: ஏனுங்க, ஆப்பரேசன் தியேட்டர் கதவு தொறந்தாப்பல இருந்துச்சே…

கந்தவேல்: அது கேன்டீன் கதவு புள்ள. தியேட்டர் அக்கட்ட இருக்குது. இந்தா, டீயைக் குடி.

ஜெயப்பிரியா: புள்ளைய உள்ள படுக்க வெச்சுப்போட்டு டீ எறங்குமாங்க தொண்டையில?

கந்தவேல்: எனக்கு எறங்குதே. இது ரெண்டாவது.

ஜெயப்பிரியா: போன வாரம் நீங்கதான குதிச்சீங்க… எட்டு வயசுப் புள்ளைக்கு மூக்குல சைனஸ் ஆப்பரேசனான்னு!

கந்தவேல்: பின்ன? ரிக் வண்டிக்காரன் நானு. பூமியில துளை போடறவனுக்குத்தான் தெரியும், உள்ள என்னென்ன மாட்டும்னு. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவால முட்டை ஓட்டுக் கனத்துக்குத்தான் எலும்புன்னு டாக்டரே சொன்னாரு…

ஜெயப்பிரியா: அதோட நிறுத்துனாருங்களா? ஸ்கேன் பாத்து, கேமரா உட்டுத்தான் பண்றோம், ஆபத்து வாரது ரொம்ப அபூர்வம்னாரு. மாத்திரை, ஸ்ப்ரே, உப்புத்தண்ணி உட்டு மூக்குக் கழுவறது, எல்லாம் பண்ணியும் சீழ் கட்டிக் கண்ணு வீங்குன பொறவுதான ஆப்பரேசன்னாரு?

கந்தவேல்: அவரு சொன்னாரு. நான் நம்பலையே.

ஜெயப்பிரியா: அம்மங்கோயில்ல பூக் கேட்டதும் நம்பிட்டீங்களாக்கும்!

கந்தவேல்: கல்யாணமோ, போர்வெல் பாயிண்ட்டோ, நம்மூட்டுல பூக் கேக்காம எதச் செஞ்சிருக்கறோம்? செவப்பு அரளி ஒண்ணு, வெள்ளை ஒண்ணு பொட்டலங் கட்டி ஆத்தா முன்னால வெச்சு எடுக்கறது. செவப்பு வந்தா வேண்டாம், வெள்ளை வந்தாச் செய்யி. நம்ம புள்ள சௌந்தர்யாவே பொட்டலத்தை எடுத்தா, வெள்ளை வந்துச்சு. முடிஞ்சுது.

ஜெயப்பிரியா: படிச்ச டாக்டர் பேச்சு காதுல ஏறல. அரளிப்பூ சொன்னா ஏறுது…

கந்தவேல்: நீதான் டாக்டர நம்புனவளாச்சே. பின்ன எதுக்கு இப்படி நடுங்கற?

ஜெயப்பிரியா: ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போறப்ப அம்மான்னு கையை நீட்டுனாளுங்க… நம்புனாப் பயம் போயிருமா?

கந்தவேல்: எனக்குப் போயிருச்சு. ஏன்னு சொன்னாத் திட்ட மாட்டியே?

ஜெயப்பிரியா: சொல்லுங்க.

கந்தவேல்: அந்தப் பொட்டலம் ரெண்டையும் மடிச்சது நாந்தான? ரெண்டுலயும் செவப்பு அரளியத்தான் வெச்சேன்.

ஜெயப்பிரியா: எதுக்குங்க அப்படிப் பண்ணுனீங்க?

கந்தவேல்: எப்படியும் வேண்டாம்னே வரட்டும்னு… பயம் புள்ள. இருக்கறது ஒத்தப் புள்ள. ஆனாப் பிரிச்சா வெள்ளை! எனக்கு அங்கியே உடம்பு சிலுத்துப்போச்சு. ஆத்தாளே எறங்கி வந்து பூவ மாத்தியிருக்கறா, அப்பறம் எனக்கென்ன பயம்? அட, அழுவாத சாமி…

ஜெயப்பிரியா: ஏனுங்க… என்ற கையைக் கொஞ்சம் கெட்டியாப் புடிச்சுக்கங்க.

கந்தவேல்: புடிச்சுட்டேன். சொல்லு.

ஜெயப்பிரியா: கோயில்ல நீங்க கால் கழுவப் போனப்ப, செவப்ப எடுத்துப்போடலாம்னு பொட்டலத்தைப் பிரிச்சேன்… ரெண்டுலயும் அதுதான் இருந்துச்சு. ரெண்டுலயும் வெள்ளைய வெச்சு மடிச்சது… நானுங்க.