காது குத்துமுன் பேர் வாசிக்கிற கல்

அநியாயத்தை வரிசை மாற்றிச் சொன்னால் செய்தவன் தப்பிவிடுவான். அதனால் வரிசையாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதல் அநியாயம் இந்த ஊர் மருமகள் சடைச்சியின் தாய்மாமனுக்கு. பல் பிடுங்கின இடத்தில் ரத்தம் நிற்காமல் செத்தானாம். முனி அடித்தது என்று சொல்லி முடித்துவிட்டார்கள். இரண்டாவது, அவள் அக்காள் மகனுக்கு. விழுந்து எழுந்த பயலுக்கு முழங்கால் பானையாக வீங்கிற்றாம், அப்படியே போய்விட்டானாம். சாபம் பிடித்தவள் என்று அக்காளைத் துரத்தினார்கள். மூன்றாவது, சடைச்சியின் மூத்த மகனுக்கு. காது குத்தின துளையிலேயே ரத்தம் வடிந்து வடிந்து போனானாம். கிடா தலையை உதறிச் சம்மதம் சொல்வதற்குள் வெட்டிவிட்டோம், சாமிக்குக் கோபம் என்றார்கள்.

மூன்று சாவுக்கும் மூன்று ஊர், மூன்று சாமி. செத்தவனை அப்பன் வீட்டுக் கணக்கில்தானே வைக்கிறோம்? பெண் வழியே ஓடுகிற நூலை எவன் பார்த்தான்? சடைச்சி பார்த்தாளாம்.

ரொம்பக் காலம் முந்தி, இதே மறுகால்பட்டியில் நடந்தது. சாமிக்கு வைத்த குறையைத் தீர்க்க, சடைச்சியின் சின்ன மகனுக்கும் காது குத்த நாள் குறித்தார்கள். பந்தல் போட்டாயிற்று. கிடா நிற்கிறது. சடைச்சியின் தம்பி, பிள்ளைக்குத் தாய்மாமன் கொம்பையா மடியில் பிள்ளை. ஆசாரி ஊசியை எடுக்கிறார். சடைச்சி குறுக்கே வந்து நின்றாளாம்.

"மாமா, குத்த வேண்டாம்."

மாமனார் வீரணன் சிரித்தாராம். "உலை கொதிக்குது. இப்பத்தான் இவளுக்குப் பேச வாய் வந்திருக்கு."

"ஒண்ணு கேக்குறேன். மழைக்குக் கண்மாய் ஒடைஞ்சதே, எப்படி அடைச்சீக?"

"வரிசையா நின்னு மண்ணுக்கூடையக் கை மாத்தினோம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"வரிசையில ஒரு ஆள் வரலைன்னா?"

"கூடை அங்கனயே நிக்கும். தண்ணி போயிக்கிட்டே இருக்கும்."

"அதான் மாமா. எல்லார் ஒடம்புலயும் ரத்தம் தன் ஒடைப்பைத் தானே அடைக்கும். என் பிள்ளைக்கு அந்த வரிசையில ஒரு ஆள் இல்ல. எங்க மாமனுக்கும் இல்ல, அக்கா மகனுக்கும் இல்ல. எங்க வீட்டுப் பொம்பளைக வழியா வருது. நாங்க சுமக்குறோம். ஆம்பளப் பிள்ளைக சாகுது."

மாமியார் அதைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டீகளா? மூத்தவன இவதான் கொன்னிருக்கா. அவ வாயாலயே சொல்றா."

சடைச்சி கலங்கவில்லையாம்.

"ஆமா அத்தை, என் ரத்தந்தான். பழிய என் மேல போடுங்க. ஊசிய அவன் மேல போடாதீக."

கொம்பையா பிள்ளையோடு எழுந்திருக்கப் போனான். வீரணன் அவன் தோளை அழுத்தினார். "உக்காரு மாப்ளே. பொம்பள பேச்சுக்குச் சாமி காத்துக்கிட்டிருக்குமா?"

கொம்பையா உட்கார்ந்துவிட்டான்.

கிடா மேல் தண்ணீர் தெளித்தார்கள். அது தலையை நன்றாக உதறியது. குலவை போட்டார்கள். கிடாவிடம் சம்மதம் கேட்ட ஊர், பெற்றவளிடம் கேட்கவில்லை. ஊசி இறங்கியது.

வளர்பிறையில் குத்தினார்கள். பௌர்ணமியைப் பிள்ளை பார்க்கவில்லையாம்.

புதைத்துவிட்டு வந்த ஊரார் கண்மாயில் தலை முழுகிக்கொண்டிருந்தார்கள். சடைச்சி தம்பி கையைப் பிடித்து கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வழிகிற மறுகால் கல்லுக்கு இழுத்துப் போனாளாம். "ஏறி நில்லுடா. அன்னைக்கு உக்காந்தேல்ல, இப்ப நின்னு அவன் பேரச் சொல்லு. ஊரு கேக்கட்டும்."

அவன் ஏறினான். சொன்னான். ஆசாரி எல்லாருக்கும் முன்னால் ஊசியைத் தண்ணீரில் எறிந்தாராம்.

இன்றைக்கு இந்த நோய்க்கு ஆஸ்பத்திரியில் பேர் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. அந்த வரிசையில் இல்லாத ஆளை ஊசி வழியாக உள்ளே அனுப்புகிறார்கள். அந்த மருந்துக்கும் நாங்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்ய வேண்டியிருந்தது. செய்தோம், வாங்கினோம்.

ஆனாலும் மறுகால்பட்டியில் தாய்மாமன் எடுத்த எடுப்பில் மடி கொடுப்பதில்லை. முதலில் அந்தக் கல்லில் ஏறுகிறான். பெண் கொடுத்த ஊரும் எடுத்த ஊரும் சாட்சியாக நிற்க, தாய்வழியில் ரத்தம் நிற்காமல் செத்தவர் பேரையெல்லாம் வாசிக்கிறான். அப்படி ஒரு பேர் இருந்தால் ஊசி கிடையாது; காதில் சந்தனம் மட்டும் வைப்பார்கள். தன் வீட்டில் யாருமே அப்படிச் சாகவில்லை என்றாலும், கொம்பையா அன்று சொன்ன பேரை அவன் வாசித்தே ஆக வேண்டும். இன்றைக்குக் காது குத்துகிற பிள்ளையின் தாய்மாமன் இப்போது கல்லில் ஏறுகிறான், பாருங்கள். எழுந்து நில்லுங்கள்.

"சடைச்சி மகன் பூவலிங்கம்."