பர்மா எல்லையும் ஒரு கைப்பிடி உப்பும்

வாசலில் கார் ஹாரன் விடாமல் அடித்தபோது நான் பர்மா எல்லையில் இருந்தேன். குண்டுமழை. காயம்பட்டுக் கிடக்கும் கேப்டனுக்கு நர்ஸ் தன் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டுப் போடுகிறாள். முடிய இன்னும் கொஞ்சம் பக்கம்தான். நாவலைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தால், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே என் கணவர் ஹாஜா மைதீன் நிற்கிறார். ஷார்ஜாவிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருக்கிறார்.

எங்கள் பக்கத்து ஆண்கள் வெளிநாட்டிலிருந்து இரண்டு விதமாக வருவார்கள். லீவில் வருகிறவர் திரும்பிப் போவார். விசாவை முடித்துக்கொண்டு கேன்சலில் வருகிறவர் போகமாட்டார். நான் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்: "கேன்சல்ல வந்துட்டேன் புள்ள. இனிமே நமக்கு நீடாமங்கலந்தான்."

நான் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று தெருவே பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் மேல் எனக்குப் பிரியம் அதிகம். நடந்தது எல்லாம் அந்தப் பிரியத்தால் நடந்ததுதான்.

பக்கத்து வீட்டு நீலாயதாட்சி டீச்சர் ரிட்டயரான பிறகு போர்க்காலக் காதல் நாவல்களாக வாங்கிக் குவிக்கிறார். அவர் படித்து முடித்ததும் எனக்கு வரும். அவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். போர் நடக்கும்போதுதான் காதலுக்கு மரியாதை. இன்று இருக்கிறவன் நாளை இருப்பானா என்று தெரியாது. அதனால் அவன் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு வார்த்தையும் கனமாக இருக்கும். குழம்பில் புளி கம்மி என்று எந்தக் கேப்டனும் போர்முனையிலிருந்து எழுதுவதில்லை.

எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். ஷார்ஜாவிலிருந்து போனில் குரல் அனுப்புவார். "மணல் காத்து அடிக்கிது ஷமீரா. எதிர்ல நிக்கிறவன் தெரியல. உன் முகம் மட்டுந்தான் தெரியிது." அவர் வேலை பார்த்தது ஏ.சி. போட்ட குளிர்பானக் கிடங்கில்தான். ஆனாலும் பாலைவனம் பாலைவனம்தானே. நான் அந்தக் குரலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவேன்.

அந்த மனிதர் இப்போது கைலியும் ரிமோட்டுமாகக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். ஃபேனை நான் கூட்டினால் அவர் குறைப்பார். என் முகம் மட்டும் தெரிந்தவருக்கு இப்போது என் முகத்தைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்தது. அணைக்காத லைட் தெரிந்தது, சிந்திய பருப்பு தெரிந்தது, மீன் வாங்கும்போது நான் செவுளைத் தூக்கிப் பார்க்காதது தெரிந்தது.

டீச்சரிடம் ஒருநாள் கேட்டேன். கேப்டன் ஊருக்குத் திரும்பியதும் முற்றும் போட்டுவிடுகிறார்களே, அதற்கப்புறம் என்ன ஆகும் என்று.

"அப்புறம் என்ன ஷமீரா, கேப்டன் போய் கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்," என்றார் டீச்சர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒரு நல்ல கேப்டனை அந்த நிலைக்கு விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அவரோ ரயில்வே கேட் பக்கத்தில் பிரியாணிக் கடை போட முடிவு செய்திருந்தார். எங்கள் ஊரில் கேட் போட்டால் பஸ்ஸும் லாரியும் கடைத்தெரு வரை நிற்கும். நிற்கிறவர்களுக்குப் பசிக்கும். நல்ல யோசனை. எனக்குப் பயமே அதுதான். கடை ஓடிவிட்டால் அவர் எங்கும் போகமாட்டார். சமையலுக்கு உபைதுல்லா பண்டாரியைப் பிடித்திருந்தார். அவருக்கு எந்தத் தேதி ஒழிகிறது என்று கேட்டுவிட்டுத்தான் இந்தப் பக்கத்தில் கல்யாணத் தேதி வைப்பார்கள். அவர் கைக்கு மக்கள் வராமல் இருக்க வழியே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும் கடை திறப்பு. எங்கள் கொல்லையில்தான் சமையல். பெரிய தேக்சாவில் கறி மசாலா கொதித்துக்கொண்டிருந்தது. பண்டாரி ருசி பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போனார். ஒரு தடவைக்கு மேல் ருசி பார்க்கமாட்டார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

நான் கொல்லைக்குப் போனபோது என் கணவர் தேக்சாவைப் பார்த்தபடி தனியாக நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, அடுப்பு நல்லா எரியுது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாவம், தன் கடையை நினைத்துக் கனவு கண்டுகொண்டிருக்கிறார் என்று எனக்கு மனசு இளகிவிட்டது. இளகிய மனசோடுதான் உப்பை அள்ளினேன்.

ஒரே ஒரு கைப்பிடி. நான் வேதாரண்யத்தில் பிறந்தவள். உப்பளத்தைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு அளவு தெரியாமல் இருக்காது. அந்தத் தேக்சாவுக்கு ஒரு கைப்பிடி கூடினால் சாப்பிடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். முதல்நாள் பெயர் கெட்டால் போதும் என்பது என் கணக்கு.

முகம் சுளித்ததோடு நிற்கவில்லை. முதல் வாய் வைத்தவர் அப்படியே எழுந்து போய்க் குடத்தைத் தூக்கி வாயில் கவிழ்த்துக்கொண்டார். பிறகு கேட் திறந்தும் வண்டிகள் நகரவில்லை. டிரைவர்கள் எல்லோரும் தண்ணீருக்கு நின்றார்கள். வேதாரண்யத்து உப்புக்கு இவ்வளவு கரிப்பு உண்டா என்று எனக்கே ஆச்சரியம். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பண்டாரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். "நான் ஒருதரந்தாம்மா போட்டேன்," என்று என்னிடமே வந்து சொன்னார். வயதானால் நாக்கு மரத்துப் போவது இயற்கை, நல்ல டாக்டராகப் பாருங்கள் என்று ஆறுதல் சொன்னேன். இப்போது வீட்டில் டீ போட்டால்கூட மனைவியிடம் நீட்டி ருசி கேட்கிறாராம். கல்யாணச் சமையலை விட்டுவிட்டார். வாழ்நாள் முழுக்க நெருப்பில் நின்ற மனிதர், ஓய்வெடுக்கட்டும். அந்த ஓய்வைக் கொடுத்தவள் நான் என்று நினைக்கும்போது ஒரு நிறைவு.

கடையை மூடினோம். கேன்சலில் வந்தவருக்குப் புது விசா வர மாதக்கணக்கில் ஆகும் என்பார்கள். இவர் அடுத்த வாரமே டிக்கெட்டோடு வந்து நின்றார். உண்மையான காதலுக்கு அல்லாஹ் வழி விடுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

திருச்சி விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அவர் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். கைலி இல்லை, ரிமோட் இல்லை. போருக்குப் புறப்படும் மனிதனின் முகம். "போய்ச் சேந்ததும் பேசுறேன் ஷமீரா," என்றபோது அந்தப் பழைய குரல் திரும்பியிருந்தது. இத்தனை அன்பானவரிடம் மறைப்பது பாவம் என்று தோன்றியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேப்டனைச் சொன்னேன், சிலிண்டரைச் சொன்னேன், உப்பைச் சொன்னேன். உங்களை நாடு கடத்தியவள் நான்தான் மச்சான், என் பிரியம்தான் உங்களை மறுபடியும் அந்த மணலுக்கு அனுப்புகிறது என்று சொல்லி அழுதேன்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். டிராலியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கிட்டே வந்து, அதே இனிமையான குரலில் சொன்னார்:

"அழுவாத புள்ள, நீ வர்றதுக்கு முன்னாடியே நான் ரெண்டு கை போட்டிருந்தேன்."