பிரேக் மிதிக்க ஓர் ஆள்

மேடையில் அமர்ந்திருக்கும் என் மாமனார் அவர்களே, மெக்கானிக் சங்கத் தலைவர் அவர்களே, உதிரிபாகக் கடை நண்பர்களே, அண்ணி கைபட்ட வண்டிகளிலேயே இங்கு வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். அண்ணியின் நினைவுக் கூட்டத்தில் நின்று பேசுவதுதான் மரியாதை. ஆனால் நான்கு நாளாக நான் தூங்கவில்லை. உட்கார்ந்தே பேசுகிறேன், மன்னியுங்கள்.

ஒர்க்‌ஷாப் இனி நடக்குமா என்று வாசலிலேயே பத்துப் பேர் கேட்டீர்கள். பதில் சொல்லாமல் இறங்க முடியாது. என்ன பதிலென்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

யார் எங்கள் அண்ணி? என் கணவரின் அக்கா. மேடையில் இருக்கும் மாமாவின் கை நடுங்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒர்க்‌ஷாப்பின் தலைமை மெக்கானிக். நீங்கள் 'டாக்டரம்மா' என்று அழைத்தவர். வண்டிச் சத்தத்தை போனில் கேட்டே கோளாறைச் சொன்னவர்! அவருக்கா மாரடைப்பு? நெஞ்சு வலிக்கிறதென்று ஒரு வார்த்தை சொன்னாரா எங்களிடம்?

கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தபோது என் படிப்புக்கு இங்கே வேலையில்லை. ஊர்மொழியும் தெரியாது. என் கணவருக்கோ பஞ்சரான சக்கரத்தைக் கழற்றக்கூடத் தெரியாது. சிரிக்கிறார் பாருங்கள்! மூன்று மாதம் அறைக்குள் அழுதேன். ஒரு காலையில் அண்ணி கதவைத் தட்டினார். "அழுறதை ஒர்க்‌ஷாப்ல வந்து அழு. அழுதுக்கிட்டே நட்டைப் பிடி."

மாமா பொறுமையாகக் காட்டினார், அண்ணி பொறுமையில்லாமல் திட்டினார், நான் கற்றுக்கொண்டேன். முதல் வாரமே ஆயில் மாற்றச் சொன்னார்கள். பழையதை வடித்தேன். அடியில் இருக்கும் போல்ட்டை மாட்ட மறந்து, மேலே புதுசை ஊற்றினேன். நாலு லிட்டரும் தரையில்! "பரவாயில்ல, தரைக்கும் சர்வீஸ் ஆயிடுச்சு," என்றார் மாமா. அண்ணி சிரிக்கவில்லை. வண்டிக்காரர் முன்னால் என்னை நிறுத்தி, "இவதான் ஊத்தினா, இவளே சொல்லுவா," என்றார். திக்கித் திணறிச் சொன்னேன். ஊர்மொழியில் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். ஒரு மாதம் அண்ணியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்கும்போது பேசாமல் முடியுமா? ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் திருகைத் திறந்து மூட வேண்டும். "மிதிங்க அண்ணி." "மிதிச்சாச்சு." "பிடிங்க." "பிடிச்சாச்சு." இப்படித்தான் எங்கள் சண்டை தீர்ந்தது. பதினாறு ஆண்டுகள் இப்படித்தான் வேலை செய்தோம்.

போன வியாழக்கிழமையும் அதே வேலைதான். மூன்று சக்கரம் முடிந்தது. நாலாவதில் "பிடிங்க" என்றேன். பதில் இல்லை. "என்ன அண்ணி, தூங்கிட்டீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது. மன்னிப்புக் கேட்கக்கூட ஆளில்லை.

அந்த வண்டி இன்னும் ஜாக்கியின் மேல்தான் நிற்கிறது. முன்வரிசையில் இருக்கும் என் மாமியார், ஒர்க்‌ஷாப்பை மூடிவிடலாம் என்கிறார். மகள் போன இடத்தை எந்தத் தாயால் பார்க்க முடியும்? நானும் ஓய்ந்துவிட்டேன், ஐயா. அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று முழங்க எனக்குத் தெம்பில்லை. அந்த நாலாவது சக்கரத்தை மட்டுமாவது முடித்துக் கொடுக்க வேண்டும். நாளை எட்டு மணிக்கு நான் வண்டிக்குக் கீழே இருப்பேன். மிதிக்க ஓர் ஆள் வேண்டும். தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அத்தை? நீங்களா கை தூக்குறீங்க?

அதே சீட்டு அத்தை.

தெரியும் என்கிறார்.

கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. நாளை எட்டு மணிக்கு ஒர்க்‌ஷாப் திறந்திருக்கும். எல்லோருக்கும் நன்றி. அத்தை, நான் சொன்னா மிதிங்க. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதீங்க.