நான் வாசித்த பலகை

தே ஓ என்று கேட்டால்தான் இந்த ஊரில் பால் இல்லாத தேநீர் வரும் என்பதை, வந்த இரண்டாம் நாளே கற்றுக்கொண்டேன், மேடம். எனக்கு எதையும் ஒருமுறை சொன்னால் போதும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரே ஒருமுறைதான் செய்து காட்டினாள். அதன்பிறகு என் தம்பியின் கழுத்துக் குழாயை நான்தான் சுத்தம் செய்தேன்.

தம்பி நூர் முகமது இங்கே கிள்ளான் பக்கம் பண்டமாரானில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவன். விபத்துக்குப் பிறகு மூன்று வாரம் மூச்சு இயந்திரத்தில் கிடந்ததில் அவனுடைய மூச்சுக்குழாய் தழும்பேறிச் சுருங்கிவிட்டது. அதை அறுத்துச் சீராக்கி, மறுபடி சுருங்காமலிருக்க உள்ளே ஒரு சிலிக்கோன் குழாய் வைத்தார்கள். அதன் ஒரு கிளை கழுத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது திறந்திருக்கும்வரை மூச்சு அதன் வழியே போய்வரும், பேச்சு வராது. வீக்கம் வடிந்ததும் சின்ன மூடி போட்டு அடைப்பார்கள், அப்போது பேசலாம். வேளாவேளைக்கு உப்புநீர் விட்டுச் சளியை உறிஞ்சி எடுக்காவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் தொண்டியிலிருந்து கிளம்பி வந்தேன். உம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் நான்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் பேச முடியாததால் வெள்ளைப் பலகையில் எழுதுவான். அவனுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். அவன் பெண்டாட்டி ஜரீனா கிள்ளானில் பிறந்து மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் வாய் ஓயாமல் பேசுவாள், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. "நீங்களே படிச்சு சொல்லுங்கக்கா" என்று முதல் நாளே அவள்தான் கேட்டாள். நானாகப் போய் நிற்கவில்லை.

அவள் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. போன் வந்தால் வெளியே போய்ப் பேசுவாள். ஓவர்டைம் என்பாள். செண்ட் அடித்துக்கொண்டு என்ன ஓவர்டைம்? வாய்விட்டுக் கேட்கவில்லை, கவனித்துக்கொண்டேன்.

ஒருநாள், "ஜரீனா சாப்பிட்டாளா? பாவம், ஒத்தையா அலையிறா" என்று எழுதினான். நானும் அன்று மத்தியானம் சாப்பிட்டிருக்கவில்லை, மேடம். அதை அவன் கேட்கவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பலகையைக் கூடத்துக்கு எடுத்துப் போய், "நீ உள்ள வந்தா அவனுக்கு எரிச்சலா இருக்காம்" என்று வாசித்தேன். அவள் முகம் செத்துப்போயிற்று. எனக்கு மனசு குளிர்ந்தது, அதை மறைப்பானேன். அவனிடம் போய், "அவ அசந்து தூங்குறாப்பா" என்றேன். இப்படியே மூன்று வாரம். அவன் போனையும் கண்ணுக்குக் கெடுதல் என்று நான்தான் எடுத்து வைத்தேன்.

பிறகு டாக்டர், புதன்கிழமை மூடி போட்டுப் பேச வைத்துப் பார்க்கலாம் என்றார். ஜரீனா அழுதேவிட்டாள். "அவரு வாயால ஒரு தடவ திட்டட்டும்லா, அது போதும் எனக்கு" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பேரும் ஐந்து நிமிடம் பேசினால் போதும், என்னை ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உப்புநீர் விடவில்லை. மறந்துவிட்டேன் என்று விசாரணையில் உங்களிடம் முதலில் சொன்னேன். மறக்கவில்லை. கொஞ்சம் சளி கட்டினால் மூடி போடுவதைத் தள்ளி வைப்பார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

செவ்வாய் காலை கோணல்மாணலாக எழுதிக் கொடுத்தான். அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பலகையோடு வெளியே வந்தேன். ஜரீனா வேலைக்குக் கிளம்பி வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா எழுதியிருக்காரு?"

"தூங்கணுமாம். உன்னக் கிளம்பச் சொல்றான்."

வழக்கம்போல் பலகையைப் போனில் படம் பிடித்தாள். "எல்லாத்தையும் வச்சிருக்கேன். சரியானதும் காட்டி சண்ட போடுவேன்" என்று சிரிக்கப் பார்த்தாள். போய்விட்டாள்.

உறிஞ்சும் இயந்திரம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. போட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. குழாய் சுத்தமானால் புதன்கிழமை மூடி போட்டுவிடுவார்களே. அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அடங்கும்வரை. அவன் கண் கதவிலேயே இருந்தது.

அந்தப் படத்தைத்தான் இப்போது என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். நீங்கள்தான் தமிழ் வாசிப்பீர்களே, வாசித்துப் பாருங்கள். "அக்கா, மூச்சு முட்டுது, ஜரீனாவ கூப்பிடு." அவள் பெயர் அப்புறம்தான் வருகிறது. உயிர் போகிற நேரத்திலும் அவன் முதலில் கூப்பிட்டது என்னைத்தான், மேடம்.