லீக்ஸ் தோரணமும் மாப்பிள்ளைக் குதிரையும்

எழும்பாதீங்க சம்மந்தி, எழும்பாதீங்க. ஓட்டல் கெடைக்கலைன்னா நான் சொன்னேன்? ரசீது இன்னும் கைக்கு வரலைன்னுதானே சொன்னேன். ரெண்டும் ஒன்னா? உக்காருங்க. வெளிய மழையப் பாருங்க. இந்த வட்டகொடை மழையில ஸ்டேஷன் வரைக்கும் நடந்தீங்கன்னா, ஹட்டன்ல ஹார்ட்வெயார் கடை வச்சிருக்கிற கந்தப்பன் முதலாளின்னு ஒருத்தனுக்கும் அடையாளம் தெரியாது. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ வருது. குடிச்சுட்டு கோவப்படுங்க.

நீங்க சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள நுவரெலியாவுல ஓட்டல் முடிவாகணும், எல்லாம் ஸ்டைலா இருக்கணும், இல்லைன்னா உங்க நிரோஷனுக்கும் எங்க வினோதாவுக்கும் பேசின பேச்சு அத்தோட சரி. அப்படித்தானே? அத கேட்டதுலருந்து எம் மக ஒழுங்கா சாப்புடல. அந்த ஒரே காரணத்துக்காகத்தான் இந்தப் பழனியாண்டி வாயப் பொத்திக்கிட்டு அலைஞ்சேன். வேற எவனாவது என் மூஞ்சிக்கு நேரா அப்படிச் சொல்லியிருந்தா, என் தராசுப் படிக்கல்லு எங்க போயி விழுந்திருக்கும்னு எனக்கே தெரியாது. சரி, அது வேற கதை. சீனி போதுமா?

என் நெலம உங்களுக்குத் தெரியும். கையில இருக்கிறது பழைய லொறிய வித்த காசு, அவ்வளவுதான். கடன் வாங்க மாட்டேன். தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்து, மார்க்கெட்டுல முட்டைக்கோவா மூட்ட தூக்கி, பாக்குறவன்கிட்ட எல்லாம் ஏமாந்து, அப்புறம் ஒருத்தன்கிட்டயும் ஏமாறாம இந்த மரக்கறி யாவாரத்துக்கு வந்தவன் நான். கேட்ட விலைய அப்படியே குடுத்தேன்னா எனக்கு வயித்த வலிக்கும். நெசமாத்தான். டாக்டர்கிட்ட கூட காட்டிட்டேன்.

மொதல்ல ஒரு பெரிய ஓட்டலுக்குத்தாங்க போனேன். மெனேஜர்னு கோட்டுப் போட்ட ஒரு பொடியன். மண்டபத்துக்கு ஒரு ரேட்டு, லைட்டுக்கு ஒரு ரேட்டு. அதுவும் சரி. கதிரைக்கு வெள்ளத்துணி போத்தி, முதுகுப் பக்கம் ரிப்பன் கட்டுவாங்களாம், அதுக்கு ஒரு ரேட்டு. தம்பி, கல்யாணம் எம் மகளுக்கா, உங்க கதிரைக்கான்னு கேட்டேன். அது ஸ்டைலுன்னான். ரிப்பன் இல்லாத கதிரையில குந்துனா வழுக்கி விழுந்துருவாங்களான்னு கேட்டேன். மரியாதையா வெளிய போங்கன்னான். நான் மரியாதை இல்லாம வெளிய வந்தேன். அவங்க கண்ணாடிக் கதவு கொஞ்சம் சத்தமா சாத்திக்கிச்சு, வேற ஒன்னும் நடக்கல.

அப்புறந்தான் பைஸர் நானா ஞாபகம் வந்துச்சு. நுவரெலியா டவுன்ல புடவக்கடை வச்சிருக்காரே, அவருதான். அவரு மக ஸஹ்லாவுக்கு வாற மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி கல்யாண விருந்து, நல்ல ஓட்டல்ல. மேடை, கம்பளம், தொங்குற லைட்டு எல்லாத்தயும் ஞாயித்துக்கிழமை மத்தியானந்தான் கழட்டுவாங்களாம். பைஸர் நானா, கழட்டுறதுக்கு முன்னால எங்க முகூர்த்தத்த உள்ள நொழைச்சுர்றேன்னு சொன்னேன். மனுசன் தங்கமானவரு, தாராளமா செய்யின்னாரு. ஆனா பழனியாண்டி, மேடைக்குப் பின்னால எம் மக பேரும் மருமகன் ரிஃகான் பேரும் ஆளு உசரத்துக்கு மினுங்குமே, உங்க சனம் பாத்து யாரு கல்யாணம்னு கேக்காதான்னாரு. நானும் யோசிச்சேன். நம்ம சனத்துல பாதிப்பேரு கண்ணாடி மறந்துட்டு வருவாங்க, மிச்சப்பேரு சாப்பாட்டு மேசையத்தான் பாப்பாங்க. இருந்தாலும் மறைக்கிறது நல்லதுன்னு தோணுச்சு. எதக் கொண்டு மறைக்கிறது?

பூ வெல கேட்டீங்களா நீங்க? அந்தூரியம் ஒன்னுக்கு அவன் சொன்ன வெலைய வீட்டுல சொன்னா பொம்பளைங்க அழுவாங்க. பூவ விட்டுட்டேன். நம்ம கையிலதான் மரக்கறி இருக்கே! லீக்ஸ் தோரணம். வெங்காயத்தாள் மாதிரி நீட்டு நீட்டா, பச்சையும் வெள்ளையுமா, மேடைக்குப் பின்னால முழுக்கத் தொங்கவிட்டா ஸஹ்லாவும் தெரியாது ரிஃகானும் தெரியாது. நாலு தூணுக்கும் கரட்டுச் சரம். கீழ கோவா வரிசை, நடுநடுவுல பீட்ரூட். எம் மக கையில புடிக்கிறதுக்கு வெள்ளைக்காரிங்க மாதிரி பூச்செண்டு வேணும்னீங்கள்ல? கோலிஃப்ளவர். காம்புல ஒரு பட்டுத்துணி. அஞ்சடி தள்ளி நின்னா எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாது.

சிரிக்காதீங்க. நீங்க யாவாரி, கணக்குத் தெரிஞ்சவரு. பூ மறுநாள் குப்பைக்குப் போகுது. லீக்ஸ் திங்கக்கிழமை தம்புள்ள சந்தைக்குப் போற லொறியில ஏறும். வாடிப்போச்சுன்னா கொத்துரொட்டிக் கடைக்காரன் எடுப்பான். தாலி கட்டின மணவறையே லாவத்துக்குப் போற கல்யாணம் இந்த ஊருல எங்கயாவது நடந்திருக்கா?

யாருக்குப் போன் போடுறீங்க? சம்மந்தியம்மாவுக்கா? காலையில கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தானே கெளம்புனாங்களாம், கோயிலுக்குள்ள யாரு போன எடுப்பா? இந்த மழைக்கு சிக்னலும் நிக்காது. வைங்க அத. இன்னும் கேக்கு கதைய நீங்க கேக்கலையே.

கேக்கு செய்யிற ஒரு அம்மாகிட்ட போனேன். அஞ்சு தட்டுக் கேக்கு காட்டுனாங்க, கோபுரம் மாதிரி. அழகுதான். தட்டிப் பாத்தா டொக்கு டொக்குன்னு சத்தம். எல்லாம் ரெஜிஃபோம். டீவிப் பெட்டிக்குள்ள வச்சு வருமே அந்த வெள்ளக் கட்டி, அதுமேல சீனியப் பூசியிருக்காங்க. கத்தி எறங்குற எடத்துல மட்டும் ஒரு துண்டு நெசக் கேக்கு. இது வாடகையாம்! போன வாரம் வேற பொண்ணு வெட்டுன கேக்க இந்த வாரம் எம் பொண்ணு வெட்டணும். சரிங்கம்மா, அந்த ஒரு துண்டும் எதுக்கு, கத்திய சும்மா ஓரத்துல வச்சு போட்டோ புடிச்சா வெல கொறையுமான்னு கேட்டேன். அந்தம்மா என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, ஐயா, உங்களுக்குக் கேக்கே வேணாம், நீங்க நேரா வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. கட்டின புருசன் கிட்ட கூட அந்தம்மா அப்படிப் பேசியிருக்க மாட்டாங்க.

கேக்கு போகட்டும். இந்தக் குதிரைதான் என்னைய சாவடிச்சுருச்சு.

உங்க ஆசைதானே அது? மாப்பிள்ளை குதிரையில வந்து எறங்கணும்னு? ஏரிக்கரையில வெள்ளைக்காரப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டுச் சுத்துற குதிரை இருக்கே, அத வச்சிருக்கிற மூக்கன்கிட்ட பேசினேன். வெள்ளக்குதிரை வாடகை ரெண்டு மடங்கு. பழுப்புக் குதிரைய பேசி முடிச்சேன். போன வாரம் நம்ம மரக்கறி ஸ்டோர்லயே ஒத்திகை. லீக்ஸ், கரட்டு எல்லாம் கட்டி, கோலிஃப்ளவர எம் மக கையில குடுத்து நிக்கவச்சுட்டேன். நிரோஷனும் நல்ல புள்ள, மாமா சொல்லுறாரேன்னு ஏறி உக்காந்துட்டாரு. குதிரை குட்டை, அவரு நெட்டை. ரெண்டு காலும் தரையில தட்டுது. குதிரை நடக்குதா, குதிரைய இடுப்புல கட்டிக்கிட்டு மாப்பிள்ளை நடக்குறாரான்னு சொல்ல முடியல. அதுவாவது போகட்டும்ங்க. அந்தச் சனியன் கரட்டுச் சரத்தப் பாத்துருச்சு.

மாப்பிள்ளையோட நேரா மணவறைக்குள்ள போயிருச்சு. ஒரு தூண முழுசா தின்னுச்சு. மூக்கன் கயித்தப் புடிச்சு இழுக்குறான், நான் மூக்கனப் புடிச்சு இழுக்குறேன், தோரணம் அப்படியே சரிஞ்சு எல்லார் தலையிலயும் லீக்ஸு. நிரோஷன் கோவாக் குவியலுக்குள்ள கெடந்து சிரிக்கிறாரு. எம் மகளும் சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே இருந்துச்சா, பாத்தா அழுவுது. கையில அந்தக் கோலிஃப்ளவர புடிச்சபடியே, அப்பா, இது யாருக்கு நடக்குற கல்யாணம்னு கேட்டுச்சு.

யாருக்குங்க? நீங்களே சொல்லுங்க.

எனக்குக் கோவம் வந்துச்சு. குதிரை மேல வந்துச்சு, மூக்கன் மேல வந்துச்சு, உங்க மேலயும் வந்துச்சு, மறைக்க மாட்டேன். கத்த வாயத் தொறந்தேன். நிரோஷன் எழும்பி, உடுப்புல இருந்த எலைய தட்டிட்டு, மாமா, எங்க அப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சுட்டாரு, இனி அவரால எறங்கி வர முடியாது, எளிமையா செய்யலாமான்னு அவருகிட்ட கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாருன்னாரு. கெட்ட எண்ணத்துல சொல்லல. உங்க மேல பாசமாத்தான் சொன்னாரு. எனக்கு ரெண்டு மாலையும் ஒரு தாலியும் போதும், வினோதாவுக்கும் அதுதான்னாரு. கத்தத் தொறந்த வாயால மூக்கன்கிட்ட பேரங்கூட பேசாம, கேட்ட காச குடுத்து குதிரையோட அனுப்பிட்டேன். அன்னைக்கு மட்டும் எனக்கு வயித்த வலிக்கல.

ஆட்டோவா? ஸ்டேஷன்லருந்து உங்களக் கொண்டாந்த ஆட்டோ வாசல்ல இல்லைங்க. நீங்க உள்ள வந்ததும் நான்தான் அத தலவாக்கலைக்கு அனுப்பி வச்சேன். ஆளுங்கள ஏத்திக்கிட்டு வரணும்ல. ஸ்டேஷனுக்கு நடந்து போயும் பிரயோசனம் இல்ல, அடுத்த கோச்சி வர நேரங் கெடக்கு. விசாரிச்சுட்டுத்தான் உங்கள உக்கார வச்சேன்.

எந்த ஆளுங்களா? வேற யாரு, பொண்ணு மாப்பிள்ளைதான். தலவாக்கலை கோயில்ல. இன்னைக்கு நல்ல நாளு. ரெஜிஸ்ட்ரார் மாத்தயாவும் புத்தகத்தோட அங்கயே வந்தாராம், எல்லாம் ஆச்சுன்னு இப்பத்தான் போன்ல மெசேஜ் வந்துச்சு. முடிஞ்சுருச்சுங்க.

மேசையத் தட்டுங்க, பரவாயில்ல, பலகை கெட்டி. ஆனா அந்தக் கிளாச வச்சுட்டுத் தட்டுங்க. வயசு வந்த புள்ளைங்க, சட்டப்படி ரெண்டு சாட்சி வச்சு கையெழுத்துப் போட்டுருக்காங்க. பொழுது சாஞ்சா நின்னு போகும்னீங்கள்ல அந்தக் கல்யாணம்? இனி நிக்காது. ஒரு சாட்சி பைஸர் நானா, கடைய அடைச்சுட்டுப் போனாரு. இன்னொரு சாட்சி…

சம்மந்தியம்மா.

ஆமா, உங்க வீட்டம்மாதான். கோயிலுக்குப் போறேன்னுதானே சொன்னாங்க, பொய் சொல்லலையே. மகன் தாலி கட்டையில பக்கத்துல நின்னு, அப்புறம் கையெழுத்தும் போட்டாங்களாம். வந்தா அவங்கள சத்தம் போடாதீங்க. எல்லாத்தயும் எனக்குப் போடுங்க. எனக்கு அது பழகிப்போச்சு.

நான் ஏன் போகலையா? நல்லாக் கேட்டீங்க. உங்கள இந்தக் கதிரைய விட்டு எழும்பவிடாம பேசிக்கிட்டே இருக்க, எங்க வீட்டுல வேற யாருக்குங்க வாய் இருக்கு? எம் மக கழுத்துல தாலி ஏறுறத நான் பாக்கல. உங்க மகன் கட்டுறத நீங்க பாக்கல. அதுல ரெண்டு அப்பனுக்கும் ஒசத்தி தாழ்த்தி ஒன்னும் இல்ல. தள்ளி உக்காருங்க சம்மந்தி, நானும் கொஞ்சம் உக்காந்துக்கிறேன்.