சாவி வண்டியிலேயே இருந்தது

என்னால் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. உங்கள் நாற்காலியில் குறை ஒன்றும் இல்லை, சார். வீட்டிலும் இப்படித்தான். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடப்பேன். "கால்ல சக்கரம் கட்டிக்கிட்டே பொறந்தீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். அதனால் நான் இந்த அறையில் நடந்துகொண்டே பேசுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சன்னல்வரை போவேன், திரும்பி வருவேன். சொல்ல வேண்டியதை ஒழுங்காகச் சொல்லிவிடுவேன்.

நான் கார் இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரி. திருட்டு சம்பந்தப்பட்ட மனுக்கள் மட்டும் என்னிடம் வரும். வண்டி களவு போய்விட்டது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், நேரில் போய் விசாரித்து, இழப்பீடு கொடுக்கலாமா கூடாதா என்று நான்தான் சொல்ல வேண்டும். பாலிசியில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உங்கள் வண்டியின் பாலிசியிலும் இருக்கும், படித்திருக்க மாட்டீர்கள். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, கவனிக்க ஆளில்லாமல் நிறுத்திவிட்டுப் போனால், பிறகு என்ன நடந்தாலும் கம்பெனி பொறுப்பேற்காது. நியாயமான விதி. வீட்டைத் திறந்து போட்டுவிட்டுத் திருடனைக் குறை சொல்ல முடியுமா?

ஆனால் மனிதர்கள் இருக்கிறார்களே. ஒரு பல் டாக்டர் சாவியைக் கார் கதவிலேயே தொங்கவிட்டுவிட்டுப் பால் வாங்கப் போனார். ஒரு கணக்கு வாத்தியார் பள்ளிக்கூட வாசலில் என்ஜினை ஓடவிட்டபடி, மகள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பையைக் கொடுக்க உள்ளே போனார். விசாரிக்கப் போனால் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள். "ரெண்டே நிமிஷம் சார்." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

மனுவைத் தள்ளுபடி செய்தால் அழுவார்கள். சிலர் என் அப்பாவைப் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். திருந்த மட்டும் மாட்டார்கள். பல் டாக்டர் கடன்பட்டு இன்னொரு கார் வாங்கினார். சில மாதம் கழித்து அந்தத் தெரு வழியாக நடந்தேன். அதே கடை வாசலில் அந்தப் புதுக் கார் நின்றது. கதவில் சாவி ஆடிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே கடைக்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

நான் அந்தக் காரை எடுத்தேன்.

திருடினேன் என்று எழுதுவீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், அந்த வார்த்தைக்காக நான் சண்டை போடப்போவதில்லை. பழைய வணிக வளாகத்தின் வாகன நிறுத்தத்துக்கு மேல்தளம் ஒன்று இருக்கிறது. கூரை கிடையாது, கேமரா கெட்டுப்போய் நாளாகிவிட்டது, வெயில் காலத்தில் ஒருவரும் அங்கே வண்டியை ஏற்றுவதில்லை. அங்கே கொண்டுபோய் ஒழுங்காக நிறுத்தினேன். சில நாள் பொறுத்து டாக்டருக்கு வேறொரு எண்ணிலிருந்து போன் செய்தேன். "உங்க வண்டி மேல்தளத்துல நிக்குது. இனிமேலாவது சாவிய எடுத்துட்டுப் போங்க" என்றேன். சாவியை ஒரு உறையில் போட்டு அவர் வீட்டு வாசலில் வைத்தேன். வண்டியில் ஒரு பொட்டுக் கீறல் கிடையாது. இன்று அந்த டாக்டர் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறார். பார்க்கவே திருப்தியாக இருக்கும்.

அதன் பிறகு என் கை சும்மா இருக்கவில்லை. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நடப்பேன். தெருவில் நிற்கிற கார்களை உரசிக்கொண்டே போவேன், கைப்பிடியை விரலால் இழுத்துப் பார்ப்பேன். திறந்துகொள்ளும் கதவுகள் எத்தனை என்று தெரிந்தால் நீங்கள் இன்று தூங்க மாட்டீர்கள். எனக்கும் தூக்கம் போய்விட்டது. சாவி உள்ளே இருக்கும் வண்டிகளை மட்டும் எடுத்தேன். எடுத்த ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுத்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு காகிதத்தில் செய்ய முடியாத வேலையைச் சும்மா செய்தேன் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கோடையில் ஒரு மதியம். மருந்துக் கடை வாசலில் ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் ஆளில்லை. ஏறினேன், கிளம்பினேன். பின் சீட்டில் ஒரு போர்வை குவிந்து கிடந்தது. சலவைக்குப் போகிற துணி என்று நினைத்தேன். மேல்தளத்தில் நிறுத்திவிட்டு, படியிறங்கி ஆபீசுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மேல்தளத்தைப் பெருக்க வந்த பெண் அந்தக் காருக்குள் ஒரு முதியவர் இறந்து கிடப்பதைப் பார்த்தாள். அந்த வழக்கு உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே அந்தக் கார்க் கண்ணாடியை உடைத்தீர்கள்.

கார் ஓட்டி வந்தவள் ஒரு நர்ஸ். இறந்தவர் அவளுடைய மாமனார், ஒரு காலத்தில் பஸ் டிரைவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவப் பரிசோதனை முடிந்து அவரைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பும் வழியில், மருந்து வாங்க இறங்கியிருக்கிறாள். காரில் பயணம் செய்பவருக்கு ஏதாவது நேர்ந்தால் ஒரு தொகை கொடுக்க அவர்கள் பாலிசியில் இடம் இருந்தது. அவள் கணவன் மனு போட்டான். திருட்டில் நடந்த சாவு என்பதால் மனு என் மேசைக்கு வந்தது.

வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. என் வேலையை நான்தானே செய்ய வேண்டும்?

வீடு சின்னது. வாசல் ஓரம் சக்கர நாற்காலியை மடக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளறைக் கட்டிலின் தலைமாட்டில் ஒரு அழைப்புமணி கட்டியிருந்தது. மெத்தையை எடுத்துவிட்டிருந்தார்கள். நர்ஸ் எனக்கு டீ கொண்டுவந்தாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். தோள் அகலமான ஆள்.

"சாவி எங்கம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"வண்டியிலதான் சார். ஏசி ஓடணும்ல. மாமாவுக்கு வேர்த்தா முதுகெல்லாம் புண்ணாயிடும். கடை வாசல்லயேதான் நிறுத்தினேன். ரெண்டே நிமிஷம்…"

"பின் கதவு உள்ளேருந்து திறக்காதா?"

"திறக்காது. குழந்தைங்களுக்குப் போடுற பூட்டப் போட்டு வச்சிருந்தேன். ஒரு தடவ ஓடுற வண்டியில கதவத் திறந்துட்டாரு."

இரண்டு சாவிகளையும் பார்க்க வேண்டும் என்பது விதிமுறை. அவள் குளிர்பதனப் பெட்டியின் மேலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து வந்து கொடுத்தாள். இன்னொன்று என் கைப்பையில், நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே இருந்தது. மாற்றுச் சாவியைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது எழுதிக் கொடுத்தேன்.

கணவன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "ஆளில்லாம விட்டதா எழுதிடாதீங்க சார். எங்கப்பா உள்ள இருந்தாரே. அவரு ஆள் இல்லையா?"

நான் பொறுமையாக விளக்கினேன். "வண்டிய எடுக்க வர்றவனத் தடுக்க முடியிற ஆளா இருக்கணும் தம்பி. அப்பாவுக்கு ஒரு பக்கம் வராதுன்னு நீங்களே சொல்றீங்க. சட்டப்படி அது ஆளில்லாத வண்டிதான்."

அவன் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மனு தள்ளுபடியானது. கொஞ்ச நாளில் கணவன் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். "எங்கப்பன இவ கொன்னுட்டா" என்று அக்கா ஊரெல்லாம் சொன்னாளாம். நர்ஸ் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் உண்மையைச் சொன்னாள், உண்மைக்குரிய முடிவு கிடைத்தது. அந்த அளவில் என் மனம் சமாதானமாக இருந்தது.

அதைக் கெடுத்தது மருந்துக் கடைக்காரர். அவர் கம்பெனிக்கு நேரில் வந்து, தான் எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொன்னார். அந்தப் பெண் என்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியோடுதான் கடைக்கு வந்தாளாம். எவனோ ஒருவன் அவள் கையிலிருந்து சாவியைப் பறித்துக்கொண்டு ஓடினானாம். அவளுக்கு அதிர்ச்சியில் எல்லாம் மறந்துவிட்டதாம். இரக்கத்தில் சொன்ன பொய். கேட்டவர்கள் எல்லோருக்கும் அது பொய் என்று தெரிந்திருக்கும்; எல்லோரும் நம்பினார்கள். நர்ஸும் மெல்லத் தலையாட்டிவிட்டாள். மனுவை மறுபடி எடுத்து, பணம் கொடுக்க முடிவானது. கணவன் வீட்டுக்குத் திரும்பினான். இருவரும் கை கோத்துக்கொண்டு எங்கள் ஆபீஸ் படியிறங்கியதை மாடியிலிருந்து பார்த்தேன்.

மேலாளரிடம் போய் இது மோசடி என்று சொன்னேன். "விட்டுருய்யா. ஒரு உயிர் போயிருக்கு. உனக்கென்ன அவங்க மேல அவ்வளவு கோவம்?" என்றார்.

கோபம் எல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து என்னால் நிற்கவே முடியவில்லை. தெருத் தெருவாக நடந்தேன். செருப்பு தேய்ந்து குதிகால் வெடித்துவிட்டது. பொய்ச் சாட்சி சொல்லி ஒருத்தி விதியிலிருந்து தப்பிக்கலாம் என்றால், மற்ற எல்லோரிடமும் நான் சொன்னதற்கு என்ன அர்த்தம்? சாவி வண்டியில்தான் இருந்தது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவன் இந்த ஊரில் ஒருவன்தான். அதனால் இங்கே வந்தேன். அதோ உங்கள் மேசைமேல் இருப்பதுதான் அந்தச் சாவி.

நீங்கள் நம்பவில்லை என்று தெரிகிறது. சாவி எனக்கு எப்படி வேண்டுமானாலும் கிடைத்திருக்கலாம், வேலைப் பளுவில் புத்தி பேதலித்துப் பேசுகிறேன் என்று நினைக்கிறீர்கள். அப்படியானால் ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். போர்வையைத் துணி என்று நினைத்ததாகச் சொன்னேனே, அது பொய். முதல் திருப்பத்திலேயே அந்தப் போர்வை பேசியது.

"யாருப்பா, புது டிரைவரா?"

"ஆமாங்க."

"கிளட்ச்சுல கால வச்சிக்கிட்டே ஓட்டாதப்பா, பிளேட்டு தேஞ்சிரும். நான் பஸ் ஓட்டினவன். எனக்கு முதுகாலயே தெரியும்."

காலை எடுத்தேன். "இப்ப சரி" என்றார். நாக்கு கொஞ்சம் குழறியது, ஆனால் புரிந்தது. மருமகள் எங்கே என்று கேட்டார். மருந்து வாங்கிக்கொண்டு வருவார்கள், என்னை முன்னால் போகச் சொன்னார்கள் என்றேன்.

"ஏசி ஓடட்டும்னு சாவிய உட்டுட்டுப் போயிருக்கா பாரு. எடுத்தா நான் வெந்துடுவேன்னு அவளுக்குத் தெரியும். தங்கமான பொண்ணுப்பா."

கேட்டீர்களா சார்? சாவியை அவள் எடுக்கவில்லை என்பதற்கு வண்டிக்குள் இருந்தவரே சாட்சி. இதை அப்படியே, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பிக் கொண்டுபோய் விட்டிருக்கலாம். யோசிக்காமல் இல்லை. ஆனால் கண்ணாடியில் அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டார். நான் பிடிபட்டால், இத்தனை பேரைத் திருத்தியதெல்லாம் வெறும் கார் திருட்டு என்று ஆகிவிடும். ஒருவருக்காக அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மேல்தளத்துக்கு ஏற்றி, எப்போதும் நிறுத்தும் இடத்தில் நேராக நிறுத்தி, என்ஜினை அணைத்தேன்.

"வந்தாச்சா?"

"வந்தாச்சுங்க. கொஞ்ச நேரம் தூங்குங்க, அவங்களக் கூட்டிட்டு வர்றேன்."

"வெயிலாத் தெரியுதே. கண்ணாடிய எறக்கிவிட்டுட்டுப் போப்பா."

பாதிப் படி இறங்கியபோது அவர் தட்டுவது கேட்டது. இடது கையாக இருக்க வேண்டும், அவ்வளவு பலம் இல்லை. நான் காதில் வாங்காமல் போய்விடவில்லை சார். திரும்பி மேலே ஏறினேன். காரைச் சுற்றி வந்து, கண்ணாடிகள் எல்லாம் முழுக்க ஏறியிருக்கின்றனவா என்று பார்த்தேன். நான்கு கதவுகளையும் இழுத்துப் பார்த்தேன். சாவியிலிருந்த பூட்டுப் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினேன். ஒரு வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை நான்.