பக்கத்து நாற்காலி

பாலகுரு: டீ ஆறுதுண்ணே.

ஜெயசீலன்: ஆறட்டும். நீ மொதல்ல அந்த வாக்குமூலத்தைப் படி.

பாலகுரு: படிச்சிட்டேன்.

ஜெயசீலன்: மூணு பக்கத்தையும் அதுக்குள்ளயா? கேட்டுல நின்னு ஐடி கார்டு பாக்குற மாதிரியே பாத்திருப்ப. மேல போட்டோ, கீழ பேரு, யல்லா போ...

பாலகுரு: செக்யூரிட்டின்னா அதுதானே வேலை. அரபு நாட்டுக்கு வந்து பன்னெண்டு வருஷமா இந்த ஃபஹாஹீல்ல அதைத்தான் பண்றேன். நீங்க என்னவாம்? பதினோரு வருஷம் காக்கியே போடாத போலீஸு.

ஜெயசீலன்: போடா... போலீஸ் சங்கத்துக்கு முழுநேரச் செயலாளர்னா சும்மாவா? ஸ்டேஷன் டூட்டியிலேர்ந்து எடுத்து என்னைய ஆபீஸ்ல உக்கார வெச்சது எதுக்கு? லீவு கெடைக்காதவன், சஸ்பெண்ட் ஆனவன், எஸ்.பி.கிட்ட திட்டு வாங்கினவன்... எல்லாரும் என் வாசல்லதான வந்து நின்னீங்க.

பாலகுரு: நின்னோம். யாரு இல்லேன்னா?

ஜெயசீலன்: எவனை விசாரணைக்குக் கூப்பிட்டாலும் பக்கத்து நாற்காலில உக்காந்தது யாரு?

பாலகுரு: நீங்கதாண்ணே. நீங்க உக்காந்தாலே பாதி பயம் போயிரும்.

ஜெயசீலன்: அப்புறமென்ன? கையெழுத்தைப் போடு. ஞாயித்துக்கிழமை இங்க வேலைநாள்தான், எம்பசில முத்திரை வாங்கணும். திங்கக்கிழமை எனக்கு பிளைட்டு. மக வீட்டுக்கு வந்த ஒரு மாசத்துல நாலு தடவை அப்பாசியாலேர்ந்து இங்க வந்துட்டேன். மருமகன் கேக்குறாரு, மாமாவுக்கு ஃபஹாஹீல்ல என்ன ஜோலின்னு.

பாலகுரு: என்ன சொன்னீங்க?

ஜெயசீலன்: கடல் பாக்கப் போறேன்னேன்.

பாலகுரு: நம்பிட்டாரா?

ஜெயசீலன்: மலையில பொறந்தவன் நான், கடல் பாக்க ஆசைன்னா நம்ப மாட்டாரா? சரி சரி, பேச்சை மாத்தாத. டிரிப்யூனல்ல உன் கேஸு இத்தனை வருஷம் தூங்கிட்டு இப்பதான் கண்ணு முழிச்சிருக்கு. அடுத்த மாசம் ஹியரிங். உன்னைய டிஸ்மிஸ் பண்ணது தப்புன்னு ஆர்டர் வந்துட்டா, நீ ரிட்டயர்ட் போலீஸ்காரன்டா. மார்ச்சோட உன் விசாவும் முடியுது. ஊர்ல போய் தலை நிமிந்து பஸ்ஸ விட்டு எறங்கு.

பாலகுரு: ஆறு வருஷமா லீவுக்குக் கூட போகலண்ணே.

ஜெயசீலன்: தெரியும். அதுக்குத்தான சொல்றேன்.

பாலகுரு: ரெண்டாவது பக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க?

ஜெயசீலன்: என் தப்பை எழுதியிருக்கேன். ஒரே கேஸ்ல ரெண்டு பேர் மாட்டினா, ரெண்டு பேருக்கும் சங்கத்துலேர்ந்து ஒரே ஆள் போய் உக்காரக் கூடாது. அதுதான் வழக்கம். ஒருத்தனைக் காப்பாத்துறது இன்னொருத்தனுக்குக் குழி ஆயிரும். லாக்கப் சம்பவம் நடந்த மறுநாளே விசாரணை. நான் காலைல சிவசங்கரனுக்கு உக்காந்தேன், மத்தியானம் உனக்கும் உக்காந்தேன். வேற ஆளை அனுப்பியிருக்கணும்... நானே பாத்துக்குவேன்னு ஒரு திமிரு.

பாலகுரு: அதை விடுங்க. அதுக்குக் கீழ.

ஜெயசீலன்: கீழ என்ன... "நீ ஒத்துக்கோ, இன்கிரிமென்ட் கட்டோட முடிச்சுத் தரேன்"னு நான் சொல்லித்தான் நீ ஒத்துக்கிட்டன்னு இருக்கு. சொன்னேனா இல்லையா?

பாலகுரு: சொன்னீங்க.

ஜெயசீலன்: ஆபீசர் எனக்கு வாக்குக் கொடுத்தாரு. ஒரு ஆள் ஒத்துக்கிட்டா இன்னொருத்தனை விட்டுர்றேன், ஒத்துக்கிட்டவனுக்கும் சின்ன தண்டனைன்னாரு. அப்புறம் பேப்பர்ல செய்தி வந்துச்சு. கை கழுவிட்டாரு. உன் வேலை போச்சு... அந்த ஆர்டரை உன் கையில கொடுத்ததும் நான்தான்.

பாலகுரு: இன்னும் கீழ வாங்கண்ணே. மூணாவது பக்கம். "லாக்கப்பில் அந்த இளைஞரை நான் அடிக்கவில்லை. அடித்தது சிவசங்கரன்."

ஜெயசீலன்: ஆமா.

பாலகுரு: செத்துப் போனவன்ணே அவன்.

ஜெயசீலன்: செத்தவனுக்கு யாருடா மெமோ கொடுக்கப் போறான்? அவனே சொன்னதுதான். போன வருஷம் ஆஸ்பத்திரில, சாவுறதுக்கு ரெண்டு நாள் முந்தி. "அடிச்சது நான்தான், எழுதிக்கோங்க. பாலுவாவது ஊருக்கு வரட்டும்"னு.

பாலகுரு: சிவாவா அப்படிச் சொன்னான்?

ஜெயசீலன்: சொன்னான்டா. எம் மேல நம்பிக்கை இல்லையா?

பாலகுரு: ஜெயபாரதிக்குத் தெரியுமா? அவன் பொண்டாட்டிக்கு?

ஜெயசீலன்: அதுக்கு எதுக்கு தெரியணும்? நீ போடு. இந்தா பேனா.

பாலகுரு: அண்ணே, போன மாசம் கம்பெனில என்னைய விசாரிச்சாங்க.

ஜெயசீலன்: இப்ப எதுக்கு அந்தக் கதை?

பாலகுரு: கேளுங்க. டூட்டில நான் கண்ணசந்த நேரம் ஒரு வண்டி உள்ள போயிருச்சு. மேனேஜர் கூப்பிட்டாரு. இங்க சங்கமும் கெடையாது, செயலாளரும் மாஃபி. ரூம்ல அவரு, நானு, அவ்வளவுதான். எனக்குப் பக்கத்துல ஒரு காலி நாற்காலி கெடந்துச்சு. பழக்கதோஷம்... ரெண்டு தடவை திரும்பிப் பாத்தேன்.

ஜெயசீலன்: என்ன சொன்ன அவருகிட்ட?

பாலகுரு: தூங்கிட்டேன்னு சொன்னேன்.

ஜெயசீலன்: கிறுக்கா நீ? கேமரா இல்லேல்ல? வாஷ்ரூம் போனேன்னு சொல்ல வேண்டியதுதான?

பாலகுரு: பாத்தீங்களா... நீங்க பக்கத்துல இருந்திருந்தா அதைத்தான் சொல்லியிருப்பேன். இப்ப தனியா இருந்தேனா, வாயைத் தொறந்தா உள்ளதுதான் வந்துச்சு. மூணு நாள் சம்பளத்தைப் பிடிச்சாங்க. ஆனா அன்னைக்கு ரூமுக்குப் போயி நல்லா தூங்குனேன்ணே. அப்படித் தூங்கி ரொம்ப வருஷமாச்சு.

ஜெயசீலன்: பாலு... உனக்கு வேண்டியது என்ன?

பாலகுரு: ஊருக்குப் போகணும்.

ஜெயசீலன்: அதுக்கு ஒரு கையெழுத்து போதும்.

பாலகுரு: மொத ரெண்டு பக்கத்துக்குப் போடுறேன். மூணாவதுக்கு மாட்டேன்.

ஜெயசீலன்: மூணாவது இல்லாம ஜெயிக்காதுடா! விசாரணை நடந்த விதம் தப்புன்னா, திரும்ப விசாரிங்கன்னுதான் சொல்லுவான். அடி வாங்கின அந்தப் பையனையும் சாட்சிக் கூண்டுல ஏத்துவான்.

பாலகுரு: ஏத்தட்டும்.

ஜெயசீலன்: அந்த அடிக்கப்புறம் அவனுக்கு ஒரு காது கேக்காதுடா. அவனைப் பாத்தாலே உன் கேஸு முடிஞ்சுது.

பாலகுரு: தெரியும்ணே. இடது காது.

ஜெயசீலன்: உனக்கெப்படி...

பாலகுரு: சிவா அன்னைக்கு லாக்கப் பக்கமே வரல. வெளிய ரைட்டர்கிட்ட பேசிட்டு இருந்தான். விசாரணைல ஒத்துக்கிட்டது சிவாவைக் காப்பாத்த இல்ல, நீங்க சொன்னீங்கன்னு மட்டும் இல்ல. நீங்க என்னைய தியாகின்னு நெனைச்சீங்க... ஊர்ல சங்கத்துக்காரங்க எல்லாரும் அப்படித்தான் நெனைச்சாங்க. நானும் விட்டுட்டேன். அடிச்சது நான்தாண்ணே. திட்டுங்கண்ணே. இத்தனை வருஷம் உங்களை ஏமாத்தியிருக்கேன்.

ஜெயசீலன்: சிவசங்கரன் என்கிட்ட எதுவுமே சொல்லலடா. அது நானா எழுதினது... அன்னைக்கு விசாரணைல ஆபீசர் நிமிந்து பாக்குறதுக்குள்ள, மேசை மேல வீங்கிக் கெடந்த உன் வலது கை மேல என் ஃபைலைத் தூக்கி வெச்சேனே, எதுக்குன்னு நெனைச்ச?